கிரிவல லீவு

வல்லரசுக்கு இருபத்துமூன்று வயது; ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. ஷிஃப்ட் முடிந்த அசதியில், எழுத்துகளைத் தட்டத் தெம்பில்லாமல், வாயாலேயே சொல்லி அக்காவுக்கு மெசேஜ் அனுப்பினான்.

"அக்கா, நாளைக்கு திருவண்ணாமலையில நடக்கிற காலநிலைப் போராட்டத்துக்கு நானும் வரேன். அட்டை எழுதி வை. இங்க தெரிஞ்சா வேலை போயிடும். யாராவது கேட்டா கிரிவலம்னு சொல்லு."

லீவு கேட்டதும் சூப்பர்வைசர் தசரதன் முறைத்தார்.

"பௌர்ணமி போன வாரமே முடிஞ்சுதேடா?"

"வேண்டுதல் சார்... இப்போன்னா கூட்டம் கம்மியா இருக்கும்னு..."

"சரி, போய்த் தொலை. வரும்போது திருநீறு கொண்டா."

மறுநாள் கலெக்டர் ஆபீஸ் எதிரில், கொளுத்தும் வெயிலில், 'ஏரியும் காஞ்சுபோச்சு, எங்க வயிறும் காஞ்சுபோச்சு' என்ற அட்டையோடு நின்றான். பக்கத்தில் தலையில் துண்டு போட்டிருந்தவர் திரும்பினார். தசரதன்!

வேலை போச்சு என்று வல்லரசு கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணைத் தொறடா. எனக்கும் ஊரு இங்க கீழ்பென்னாத்தூர் பக்கம்தான். ரெண்டு வருசமா மழையில்லாம மல்லாட்டைப் பயிரு கருகிப்போவுது" என்றார் தசரதன், களைத்த குரலில். "மேனேஜர்கிட்ட நானும் கிரிவலம்னுதான் சொல்லியிருக்கேன். உன்கிட்ட கேட்டேனே திருநீறு, அது அவருக்குத்தான். மறக்காம வாங்கிடு தம்பி."