கருமுட்டைப் பூட்டு

தவளை முட்டையின் உறையைக் கரைத்து விந்தணுவை உள்ளே விடும் நொதியைப் பத்து வருஷம் ஆராய்ந்தவள் மங்கையர்க்கரசி. அவள் கண்டுபிடித்ததை வைத்துத்தான் இப்போது பெண்களின் கருமுட்டைக்குப் பூட்டுப் போடுகிறார்கள். கணவனின் விந்தணுவுக்கு மட்டுமே திறக்குமாம்.

இரண்டு வருஷக் கப்பல் வேலைக்குக் கிளம்பும்போது, அவள் கணவன் எழிற்கோ அதற்கான படிவத்தை நீட்டினான்.

"சந்தேகமெல்லாம் இல்ல மங்கை. எல்லா வீட்டுலயும் போடுறாங்க, அதான்."

"ஒரு ஆண் தவளைகூடத் தன் ஜோடிகிட்ட இப்படிக் கேட்டு நான் பாத்ததில்லைங்க."

அசடு வழியச் சிரித்து, படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

பத்தாம் நாள் கப்பலிலிருந்து கூப்பிட்டான். "பூட்டு போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்று, புதுப் பூட்டு மாட்டிய வாசற்கதவைப் படமெடுத்து அனுப்பினாள். "உங்க துணிமணியெல்லாம் உங்க அம்மா வீட்டுல இருக்கு. இனிமே அங்கேயே போய் இறங்கிக்குங்க."