சாமி காட்டிய இடம்

“என் மகளுக்குப் பைத்தியம்னு சொல்றீங்களா டாக்டர்?” நவமணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“அப்படி இல்லம்மா, உக்காருங்க,” என்றார் ஈப்போவை அடுத்த சிலிபின் கிளினிக்கின் டாக்டர் திருக்குமரன். “குழந்தை வயித்துலயே தவறினதுல இருந்து ஷாமினி சரியா சாப்பிடல, தூங்கல, பேசல. ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. துக்கம் உள்ளயே நின்னுருச்சு. ஈப்போ டவுன்ல மாதுமைனு ஒரு சைக்காலஜிஸ்ட் இருக்காங்க. நான் சொல்லி அனுப்புறேன். ஊசி மருந்து கிடையாது, பேசுறதுதான்.”

“இன்னிக்குப் பேச்சும்பீங்க, நாளைக்குத் தஞ்சோங் ரம்புத்தான்ல கொண்டுபோய் விடுவீங்க. இது காத்து கருப்பு வேலை லா. நாங்க சாமிகிட்ட கேட்டுப் பாத்துக்கிறோம்.”

தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயர் வந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் பேச்சு அதோடு சரி. ஷாமினி தரையைப் பார்த்தபடியே அம்மாவின் பின்னால் நடந்தாள். இளைத்த கையில் வளையல் நிற்கவில்லை.

கோப்பெங் பக்கம் ரப்பர் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமாகி, ஆட்களும் போய்விட்டார்கள். முனியாண்டி கோயில் மட்டும் போகவில்லை. பத்துமலை என்ற பூசாரி மேல் அங்கே வெள்ளிதோறும் சாமி இறங்கும். அந்த வாக்கைத் தட்டியவர் கிடையாது. கண்ணெதிரே மகள் தேய்வதைப் பார்க்கும் தாய் எந்த வாசலுக்கும் போவாள். நவமணி அங்கே போனார்.

சுருட்டுப் புகைக்கு நடுவே கையெடுத்துக் கும்பிட்டார். “சாமி, மாதுமைனு ஒரு மனசு டாக்டர்கிட்ட போகச் சொல்றாங்க. வேணாம்னு ஒரு வாக்கு குடு. என்ன கழிப்புனாலும் செய்யறேன். என் புள்ள எனக்குத் திரும்ப வேணும்.”

சாமி ஷாமினியையே வெகுநேரம் பார்த்தது. எலுமிச்சையைத் தொடவில்லை. அவள் நெற்றியில் திருநீறு மட்டும் பூசியது.

“இவ மேல எதுவும் இல்ல. உள்ளதான் இருக்கு. அந்தப் பொம்பளகிட்டயே கூட்டிட்டுப் போ. நாளைக்குக் காலையிலயே போ.”

டாக்டர் சொன்னால் மறுக்கலாம். சாமியை எப்படி மறுப்பது? “சரி சாமி,” என்றார் நவமணி அழுதுகொண்டே. ஷாமினி மெல்லத் தலை நிமிர்ந்தாள்.

அவர்களுடைய கார் செம்பனைகளுக்குள் மறைந்ததும், பூசாரி பத்துமலை, கோயிலின் பின்பக்கம் போய் முகம் கழுவிவிட்டுக் கைப்பேசியை எடுத்தார்.

“மாதுமை மிஸ், பத்துமலை பேசுறேன். நாளைக்கு எனக்குக் குடுத்த நேரத்துல ஒரு பொண்ணு வரும், அதப் பாருங்க. எனக்கென்ன மிஸ், மகனப் பறிகுடுத்துப் பழகிருச்சு, நான் அடுத்த வாரம் வந்து அழுதுக்கிறேன்.”