கார் நிறைய ஆள்

பசுமலையில் அழகுராஜா வீட்டு ஷெட்டில் நின்ற பழைய காருக்குள், மெக்கானிக் சிவபாண்டி பெடலுக்கு அடியில் தலையை விட்டிருந்தான்.

“ஆக்சிலேட்டர் கேபிளைப் பிடிக்கிற புஷ்ஷு போயிருச்சுய்யா. அதான் பெடல் தொளதொளன்னு ஆடுது. இம்புட்டுத் தேயுற அளவுக்கு எங்கதான் போறீங்க?”

“வீட்டுலயே உக்காந்திருக்க முடியுமாப்பா? எங்கயாச்சும் போய்க்கிட்டேதான் இருப்பேன்.”

“பிரேக்கும் கிளட்சும் புதுசு மாதிரி இருக்கு. இது மட்டும் எப்படித் தேஞ்சுச்சுன்னு தெரியல.”

புது புஷ்ஷை மாட்டிவிட்டு சிவபாண்டி வெளியே வந்ததும், அழகுராஜா சீட்டில் உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டார். அப்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, இன்னிக்கும் தனியாவா இருக்கீங்க?” கனடாவிலிருந்து மகள் சுபலட்சுமி.

அழகுராஜா ஆக்சிலேட்டரை மிதித்தார். நின்ற இடத்திலேயே கார் உறுமியது.

“தனியாவா? கார் நிறைய ஆளும்மா. எல்லாரும் அழகர்கோவிலுக்குப் போய்க்கிட்டிருக்கோம்.”

“ஓட்டிக்கிட்டே பேசாதீங்கப்பா.”

“நான் எங்க ஓட்டுறேன்? ஃப்ரெண்டு ஓட்டுறாரு.”

சிவபாண்டி முன்சக்கரத்தைப் பார்த்தான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

“எப்பப் பேசினாலும் வண்டிச் சத்தம்தான் கேக்குது. ஒருத்தர் பேச்சுச் சத்தமும் கேக்கலயேப்பா” என்றாள் மகள்.

அழகுராஜாவின் கால் பெடலில் அப்படியே நின்றது.

சிவபாண்டி கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான்.

“அண்ணே, அப்பன்திருப்பதி வந்திருச்சு, அடுத்து அழகர்கோவில்தான். எறங்கி ஒரு டீ குடிச்சிட்டுப் போவமா?”