காக்கை இல்லாத படம்

குளத்தங்கரை எருமைக்கு ஒரு கைபேசி கிடைத்தது. அதிலிருந்த செயற்கை நுண்ணறிவு, எந்தப் படத்துக்கு எத்தனை லைக் விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும்.

எருமையைப் படம் பிடித்துப் பார்த்தது கைபேசி. முதுகில் வழக்கம்போல் காக்கை உட்கார்ந்து உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தது.

"பன்னிரண்டு லைக். காக்கை இருக்கிற இடத்தில் மீன்கொத்தி இருந்தால் தொள்ளாயிரம்," என்றது.

எருமை காக்கையிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டது: "கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போய் உட்காருகிறாயா?"

"காதுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு இருக்குக்கா," என்றது காக்கை. எருமை கைபேசியின் பக்கம் திரும்பிக்கொண்டது. காக்கை பறந்துபோனது.

நீலச் சிறகோடு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. சொன்னபடி தொள்ளாயிரம் விழுந்தது. மறுநாளும் மீன்கொத்தி, மறுநாளும் தொள்ளாயிரம். காக்கை அக்கரையில் ஒரு பசுவின் முதுகுக்குப் பழகிவிட்டது.

நாலாம் நாள் காதுக்குப் பின்னால் அரிப்பு தாங்கவில்லை. வாலும் அங்கே எட்டவில்லை. மீன்கொத்தியோ, "நான் மீனைத் தவிர எதையும் தொடுவதில்லை," என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

எருமை புளியமரத்தில் தலையைத் தேய்த்துக்கொண்டே, "இதற்கு என்ன செய்வது?" என்று கைபேசியைக் கேட்டது.

கைபேசி எருமையை ஒருமுறை படம் பிடித்துப் பார்த்தது.

"பதினொன்று," என்றது.