முந்தாநாள் விற்ற நெல்

நெடுஞ்செழியனின் கார் தெருமுனையைத் தாண்டவில்லை. பெரியப்பா மகன் மருதையன் ட்ராக்டரைக் குறுக்கே நிறுத்திவிட்டுக் குதித்தார். பின்னால் ஊரே திரண்டு நின்றது.

"எறங்குடா கீழே! பெரிய பொருளாதார நிபுணன்!"

எந்த நாட்டில் வங்கி கவிழ்ந்தாலும் டிவிக்காரர்கள் கருத்துக் கேட்பது நெடுஞ்செழியனிடம்தான். அவர் மிரண்டுபோய் இறங்கினார்.

"என்னண்ணே ஆச்சு?"

"கொள்முதல் நிலையம் திறக்கட்டும்னு எல்லாரும் நெல்லைக் களத்துல குவிச்சு வச்சிருந்தோம். முந்தாநாள் நீ மட்டும் வந்த விலைக்கு வியாபாரிகிட்டத் தள்ளிவிட்டே. இவ்வளவு படிச்சவன் விக்கிறான்னா விஷயம் இல்லாமலா இருக்கும்னு நாங்களும் ஓடினோம். கூட்டத்தைப் பார்த்ததும் அவன் விலையைப் பாதியாக்கிட்டான். இன்னிக்கு நிலையத்தைத் திறந்துட்டாங்க. எங்ககிட்ட ஒரு மணி நெல் இல்லே!"

"உங்களை நான் விக்கச் சொன்னேனா?"

"அப்புறம் நீ எதுக்குடா வித்தே?"

"இன்னிக்கு ஃப்ளைட்டு. ஜெனிவாவுல எனக்குப் பரிசு குடுக்கறாங்க. நெல்லை வச்சுக்கிட்டுக் காத்திருக்க நேரமில்லே."

"எதுக்குப் பரிசு?"

நெடுஞ்செழியன் கார் கதவைத் திறந்து ஏறப் பார்த்தார். மருதையனின் மகள் மலர்க்கொடி, கல்லூரியில் பாடம் நடத்துபவள், கார் சீட்டில் கிடந்த அழைப்பிதழை எடுத்துத் தமிழில் உரக்கச் சொன்னாள்:

"ஒருவர் அவசரமாக விற்பதைப் பார்த்து, காரணம் தெரியாமலே எல்லாரும் விற்பதால்தான் நெருக்கடி வருகிறது என்று கண்டுபிடித்ததற்காக."

மருதையன் குறுக்கே நின்ற ட்ராக்டரை நகர்த்தாமல் சாவியை மட்டும் உருவி, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.