இடது குச்சி

வால் கணவர் பக்கம் இருக்கும்படி ரிமோட் ஹெலிகாப்டரைத் தரையில் வைத்தாள். பேட்டரியைச் செருகினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காதுவரை குரங்குக் குல்லா. கழுத்தில் ரிமோட் தொங்கியது.

கல்யாண மண்டபத்தில் கார் நிறுத்துகிற மைதானம் அது. மார்கழி முடியும்வரை முகூர்த்தம் இல்லை. விடிந்து கொஞ்ச நேரம்வரை காற்றும் இல்லை.

முதலில் ரிமோட்டைப் போட வேண்டும், பிறகுதான் பேட்டரி. பறக்கும்போது யாரும் முன்னால் போகக் கூடாது. வழி தவறினால் இடது குச்சியைக் கீழே இழுத்துவிட வேண்டும், விழுந்து உடைந்தாலும் சரி.

சட்டமெல்லாம் அவர் போட்டதுதான்.

கடைசிச் சட்டத்தை மட்டும் அவரே ஒரு நாளும் மதித்ததில்லை. சாய்ந்து போகிற ஹெலிகாப்டரைக் கடைசிவரை காப்பாற்றப் பார்ப்பார். அப்படிக் காப்பாற்றியதில் உடைந்த இறக்கைகள் பரணில் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கிடந்தன. தூக்கிப் போடவும் விடமாட்டார்.

ஆவணியில் பக்கவாதம் வந்தது.

கால் திரும்பிவிட்டது. பேச்சும் முக்கால்வாசி திரும்பிவிட்டது, அதில் பாதி அவளைக் குறை சொல்லத்தான். இடது கைதான் வரவில்லை.

பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். ஒரு வாரம் அமுக்கினார். பிறகு பந்து கட்டிலடியில் போய்ச் சேர்ந்தது.

அவள்தான் பரணில் ஏறி ஹெலிகாப்டரை இறக்கினாள். புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கட்டுவதுபோல அடியில் நாலு பக்கமும் மூங்கில் சிம்பு கட்டி, முனைகளில் பிளாஸ்டிக் பந்து மாட்டினாள். எப்படிச் சாய்ந்தாலும் சட்டென்று கவிழாது. மறுபடியும் ஒண்ணாங்கிளாஸா என்று அவருக்குக் கோபம்.

கோபத்தோடு ரிமோட்டை வாங்கிக்கொண்டார்.

வலது குச்சி திசைக்கு. இடது குச்சி விசைக்கு. ஏற்றினால் ஏறும், இறக்கினால் இறங்கும். தானாகத் திரும்பி வராது. விட்ட இடத்திலேயே நிற்கும்.

அவருடைய இடது கட்டைவிரல் மெல்ல நகரும். அவசரத்துக்கு வராது.

அதனால் அவள் இடப்பக்கம் ஒட்டி நிற்பாள். அவர் விரலுக்கு மேல் அவள் விரல் காத்திருக்கும். ஹெலிகாப்டர் தறிகெட்டுப் போனால் அவர் விரலையும் சேர்த்துக் குச்சியைக் கீழே இழுத்துவிடும்.

இத்தனை நாளும் இறக்கியது அவள்தான். இருவருக்கும் தெரியும். ஒருவரும் பேசியதில்லை.

ஒரே ஒரு முறை அந்த விரல் தானாக இறக்கிவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படியோர் ஆசை. கேட்டால் அவருக்கு ரோஷம் வந்துவிடும் என்று சாமியிடம்கூட வாய்விட்டுக் கேட்கவில்லை.

இன்று நன்றாகத்தான் எழும்பியது.

முழங்கால் உயரத்தில் ஆடாமல் நின்றது. அவர் முகத்தில் பழைய கர்வம் எட்டிப் பார்த்தது. அந்தக் கர்வம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்போதுதான் நாய் வந்தது.

மண்டபத்து நாய். விருந்து இல்லாத மாதம், விலா தெரிந்தது. சத்தம் போட்டுக்கொண்டு மிதப்பது தின்கிற பண்டமா என்று பார்க்க நேராக ஓடிவந்தது.

அவள் யோசிக்கவில்லை. ச்சூ என்று கையை வீசிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

நாய் ஒதுங்கி ஓடியது.

பதறிய அவர் கையில் ஹெலிகாப்டர் ஏறியது, திரும்பியது. மூக்கு அவர் பக்கம் வந்தது. மூக்கு நம்மைப் பார்த்துவிட்டால் எல்லாம் தலைகீழ். வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் போகும்.

அவளைவிட்டு விலக்கத்தான் வலது குச்சியைத் தள்ளினார். அது அவளை நோக்கி வந்தது. இன்னும் தள்ளினார். இன்னும் வேகமாக வந்தது.

நெஞ்சு உயரத்தில், சுழன்றுகொண்டு.

"மணி" என்று அவளைக் கூப்பிட்டார்.

இறக்கைச் சத்தம் அறுந்தது.

அவள் காலடியில் பொத்தென்று விழுந்தது. ஓர் இறக்கை முறிந்து தள்ளிப் போய்க் கிடந்தது.

அவள் குனிந்து முதலில் பேட்டரியைக் கழற்றினாள். அதுவும் அவருடைய சட்டம்தான்.

அவர் திட்ட ஆரம்பித்தார். நோய் வந்த பிறகு அவளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"வசந்தாமணி, முன்னால போகாதன்னு எத்தன தடவ சொல்றது உனக்கு? கண்ணுகிண்ணு போயிருந்தா நான் என்ன பண்றது?"

அவள் அவருக்கு இடப்பக்கம் தான் நிற்கிற இடத்தையே பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

பக்கத்தில் வந்தாள்.

"எந்தக் கைலீங்க எறக்குனீங்க?"

அவர் நிறுத்தினார். குனிந்து ரிமோட்டைப் பார்த்தார்.

வலது கட்டைவிரல் இன்னும் வலது குச்சியைத் தப்பான பக்கமே தள்ளிக்கொண்டிருந்தது. இடது குச்சி அடியில் கிடந்தது. அதன்மேல் இடது கட்டைவிரல், நகம் வெளுக்க அழுத்தியபடி இருந்தது.

மெல்ல அந்த விரலை எடுத்தார்.

"றெக்க ஒடஞ்சு போச்சு" என்றார் பிறகு.

"ஒடையட்டுங்க."

அவள் போய் அந்தத் துண்டை எடுத்து வந்தாள். பெட்டியில் போட்டுவிடு என்றார். சரி என்றாள்.

ஆனால் முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்தப் பெட்டியில் கிடப்பதெல்லாம் அவர் ஹெலிகாப்டரைக் காப்பாற்றப் பார்த்தபோது உடைந்தவை.