நேற்றைய பித்தநீர்

ஓர் உடம்பில் கல்லீரலும் பித்தப்பையும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. கொலஸ்ட்ராலைப் பித்தநீராக மாற்றுவது கல்லீரலின் வேலை. அதைச் சேர்த்து வைத்து, சாப்பாடு வந்ததும் குடலில் ஊற்றுவது பித்தப்பையின் வேலை. குடல் பெரும்பகுதியைக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடும்; மிச்சம் உடம்பைவிட்டு வெளியே போய்விடும். குறைந்ததற்குக் கல்லீரல் புதிதாகச் சேர்க்கும்.

பல வருட நோயில் கல்லீரல் தழும்பேறிப் போயிருந்தது.

"அக்கா, இன்று நீ தந்தது நேற்று நான் ஊற்றினதுதானே?" என்றது பித்தப்பை. "புதுசாக ஒரு சொட்டுகூட இல்லையே."

"நாளைக்குச் சேர்த்துத் தருகிறேன்."

"போன மாதமும் இதையேதான் சொன்னாய். முடியவில்லை என்று சொல்லித் தொலையேன்!"

"சொன்னால், என் வேலையை நீ செய்வாயா?"



அதற்குள் குடல் கூப்பிட்டது: "நெய்ச்சோறு வந்தாச்சு, ஊற்றுங்க!"

பித்தப்பை தன்னைப் பிழிந்து பார்த்தது. நாலு சொட்டு விழுந்தது.

"இது எந்த மூலைக்கு?" என்று சீறியது குடல்.

கல்லீரல் அவசரமாக, வாசலில் காத்து நின்ற கொலஸ்ட்ரால்களில் ஒன்றை உள்ளே அழைத்தது. மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி அதை மாற்றப் பார்த்தது. வெகுநேரம் கழித்து அது உள்ளே போனபடியே வெளியே வந்தது.

வரிசையில் நின்றவை அதைப் பார்த்தன. ஒன்றும் நகரவில்லை. அந்த உடம்பைவிட்டு அவை வெளியேற வேறு வாசல் இல்லை.